கையில் பிடித்த நம்பர்

புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்குக் கண் வேண்டாம், கை போதும். கை பாட்டுக்குப் பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும், மனசு எங்கே வேண்டுமானாலும் போய் வரும். இன்றைக்கு அது அந்த இரண்டு பேரிடம் போய் நின்றுகொண்டது. பிள்ளை உள்ளே அத்தை பக்கத்தில் தூங்குகிறான், அவன் எழுந்துகொள்வதற்குள் சொல்கிறேன்.

எங்கள் மலையில் வருஷத்தில் ஒரு நாள் ஓட்டப் பந்தயம் நடக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் விடியுமுன் கிளம்பி, மலையை இரண்டு தடவை சுற்றி, சாயங்காலம் ஆறு மணிக்குள் அதே மைதானத்துக்கு வந்து சேர வேண்டும். மொத்தம் எழுபது கிலோமீட்டர். பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வருகிற தூரம் அது.

பாதை எங்கள் வீட்டை ஒட்டிப் போகிறது. வாசலில் ஒரு மேஜை போட்டு, ஓடி வருகிறவர்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்பு, ஆரஞ்சுச் சுளை, மோர் கொடுக்கிற வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். இன்னொரு வேலையும் உண்டு. இனி முடியாது என்று நிறுத்திக்கொள்கிறவர், நெஞ்சில் ஊக்குப் போட்டுக் குத்தியிருக்கிற நம்பரைக் கழற்றி என் கையில் கொடுக்க வேண்டும். என் கைக்கு வந்துவிட்டால் அவர் பந்தயத்தில் இல்லை. நான் அதைப் பையில் போட்டு வைப்பேன். நாலு பேர் முன்னால் பேசத் தெரியாத எனக்கு அது பெரிய உத்தியோகம்தான்.

பந்தயத்துக்கு முதல் நாள் மாலை இரண்டு பேர் பாதையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள்.

ஒருவர் செங்கோடன். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயது. கூட வந்தவர் நவநீதம் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். டிரைவர் ஐயாவைவிட ஏழு வயது சின்னவர். ஆனால் இவர்தான் குரு, அவர்தான் சிஷ்யர். ஓய்வு பெற்ற பிறகு, உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்டு மைதானத்தில் நடக்க வந்தவரை, ஓட வைத்தது டீச்சரம்மா.

டிரைவர் ஐயா சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார். டீச்சரம்மா ஒவ்வொரு வாயாகக் குடித்தார்.

"ரெண்டு வருஷமா வரேன்மா. ரெண்டு வருஷமும் முடிக்கலை," என்றார் டிரைவர் ஐயா. "முதல் வருஷம் பாதியில போச்சு. போன வருஷம் இதோ, உங்க வீட்டைத் தாண்டி அந்தப் பலாமரத்தடியில படுத்துட்டேன்."

"அந்த ஸ்டாப்புக்கு அண்ணன் பேரையே வெச்சுட்டாங்க, கண்ணு," என்றார் டீச்சரம்மா.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்குப் பாருங்க, சின்னப் பசங்களோட சேர்ந்து போகப்போறேன். நான் எக்ஸ்பிரஸ்."

"எக்ஸ்பிரஸ் நிக்காத ஊர்லதான் அண்ணே சாப்பாடு நல்லா இருக்கும்."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

டிரைவர் ஐயா சிரிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்தார்.

அறுபது தாண்டினவர்கள் ஓட வேண்டுமானால் வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். சம்சாரம் தவறிவிட்டார், மகள் வாணிதான் போட்டிருக்கிறாள். போடும்போதே சொல்லிவிட்டாளாம். "எனக்குன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்ப்பா. இந்தத் தடவை முடிக்கலைன்னா இனி எந்தப் பந்தயத்துக்கும் போட மாட்டேன். ஷூவை எடைக்குப் போட்டுடுவேன்."

"அவ சொன்னா சொன்னதுதான்," என்றார். "அவங்க அம்மா மாதிரி."

 என் பிள்ளை மண்ணில் உட்கார்ந்து சொம்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கண்ணே."

"என்னை மாதிரி வயசானவனுக்கு, நிறுத்தற நேரம் வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

டீச்சரம்மா பிள்ளையின் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"இப்ப வாய்தான் கேக்குது. கால் கேக்கறப்ப சொல்றேன்."

மறுநாள் வெயில் ஏறுவதற்குள்ளேயே டிரைவர் ஐயா முதல் சுற்றில் வந்துவிட்டார். சின்னப் பையன்கள் நாலைந்து பேரோடு அவரும். சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. நிற்கவே இல்லை. ஓடிக்கொண்டே ஒரு கிழங்கை எடுத்தார்.

"டீச்சர் வந்தா சொல்லும்மா, எக்ஸ்பிரஸ் போயிடுச்சுன்னு!"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் அப்பா வயதுக்காரர். என் அப்பா கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு பேர் வேண்டும்.

ரொம்ப நேரம் கழித்து, எல்லாரும் போன பிறகு டீச்சரம்மா வந்தார். மேட்டில் நடந்து வந்தார். இடுப்பில் கை ஊன்றி, யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிற மாதிரி.

"எக்ஸ்பிரஸ் போயிடுச்சுங்களாம்," என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"சொல்லிட்டுப் போனாரா?" கிழங்கை உப்பில் தொட்டு மெதுவாக மென்றார். மோர் குடித்தார். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று வாயைத் திறந்து பார்த்தார். பிறகு மேடு முடிகிற இடம் வரைக்கும் நடந்து, அங்கிருந்து சின்னச் சின்ன அடியாக ஓடிப் போனார். அவ்வளவு பின்தங்கிப் போகிறவரை ஒருவரும் குரு என்று சொல்ல மாட்டார்கள்.

மத்தியானம் வெயில் பலமாகக் காய்ந்தது. பையன்கள் இரண்டாம் சுற்றில் வந்தார்கள், போனார்கள். இரண்டு பேர் என் கையில் நம்பரைக் கொடுத்துவிட்டு, ஒருவன் அழுதுகொண்டும் ஒருவன் போன் பேசிக்கொண்டும் போனார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் குறைந்து, பாதை வெறுமையாகிவிட்டது.

டிரைவர் ஐயா வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஓடி வரவில்லை. வேலியைப் பிடித்துப் பிடித்து வந்தார். உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

என் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அது ஓடுகிறவர்களுக்குப் போட்டதில்லை. நாற்காலி போடக்கூடாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க நான் உள்ளேயிருந்து எடுத்து வந்தது. அவர் கேட்கவில்லை. போய் அதில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோரைத்தான் நீட்டினேன்.



அவர் பாதி மோர் குடிப்பதற்குள் டீச்சரம்மா வந்துவிட்டார். காலையில் வந்த அதே நடை. அதே இடுப்புக் கை.

"எக்ஸ்பிரஸ் இங்க நிக்குமா?" என்றார்.

டிரைவர் ஐயா நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் இருந்தது.

"இப்ப கால் கேக்குது டீச்சர். நேத்து கேட்டேன்ல. நீங்க பதில் சொல்ல வேணாம். எனக்கே தெரிஞ்சுடுச்சு. இதான் அந்த நேரம்."

நான் நினைத்தேன், டீச்சரம்மா திட்டுவார் என்று. இல்லாவிட்டால் தைரியம் சொல்வார் என்று. மைதானத்துக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்தான், அதுவும் முக்கால்வாசி இறக்கம்.

"சரிண்ணே," என்றார் டீச்சரம்மா. "கழட்டிடுங்க."

டிரைவர் ஐயாவே திகைத்துப்போனார். பிறகு நெஞ்சைத் தடவி ஒவ்வொரு ஊக்காகக் கழற்றினார். கழற்றக் கழற்ற ஊக்கு எல்லாம் மண்ணில் விழுந்தது. நம்பரை என் பக்கம் நீட்டினார்.

நான் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் சாம்பலும் தண்ணியும்.

"கை ஈரமா இருக்குதுங்க," என்றேன்.

"இங்க குடுங்க," என்று டீச்சரம்மா வாங்கி, மடித்துத் தன் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்பாடா," என்றார் டிரைவர் ஐயா. நிஜமாகவே அவருக்கு மூச்சு இறங்கியது. டம்ளரில் இருந்த மீதி மோரையும் குடித்தார். ஒரு கிழங்கு கேட்டார். இன்னொன்றும் கேட்டார்.

"நிறுத்தினவங்களை ஏத்திட்டுப் போற ஜீப்பு ஆறு மணிக்கு மேலதான் வருங்க," என்றேன்.

"அது வரைக்கும் உக்காந்திருந்தா கால் கட்டையாயிடும்," என்றார் அவர். "வாணி வேற மைதானத்துல நின்னுக்கிட்டிருக்கும். நடந்தே போறேன். நீங்க ஓடுங்க டீச்சர். உங்க நேரம் போகுது."

"என் நேரம் என்கூடத்தான் வரும். நடங்க, சேர்ந்து போலாம்."

எல்லாரும் போய்விட்டதால் எனக்கும் வேலை முடிந்தது. குண்டானை மைதானத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தலையில் சும்மாடு வைத்துக் குண்டானைத் தூக்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே நடந்தேன்.

அவர்கள் ரொம்ப மெதுவாக நடந்தார்கள். ஒதுங்கி முன்னால் போய்விடலாம் என்று வேலி ஓரமாகப் போனேன்.

"ஏம்மா, குண்டான் மேல, குழந்தை சைடுல, ஓவர்லோடு வண்டி எங்களை ஓவர்டேக் பண்ணுதே," என்றார் டிரைவர் ஐயா. "ஹாரனாவது அடிச்சுட்டுப் போ!"

நான் சிரித்ததில் குண்டான் ஆடியது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் நடைக்கு நடந்து வந்தார். நானும் வேண்டுமென்றே கொஞ்சம் எட்டிப் போட்டேன். அவரும் போட்டார். பலாமரத்தடியில் டீச்சரம்மா அவரைப் பார்த்தார். அவர் மரத்தைப் பார்க்கவில்லை, என் குண்டானைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே," என்றார் டீச்சரம்மா, "நீங்க பஸ் ஓட்டறப்ப கடைசி ட்ரிப் எப்படி ஓட்டுவீங்க?"

"கடைசி ட்ரிப்பா? அதுதான் டீச்சர் நல்லா ஓட்டுவேன். பகல்ல ஒவ்வொரு ஸ்டாண்டுலயும் டைம் கீப்பர் கத்துவான். ஒரு நிமிஷம் லேட்டுன்னா மெமோ. கடைசி ட்ரிப்புல அவன் வீட்டுக்குப் போயிருப்பான். ஏத்த ஆள் இல்ல, முந்த வண்டி இல்ல. கண்டக்டர் பின்சீட்ல தூங்குவான். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டா போதும். டிப்போவுக்கு வழி வண்டிக்கே தெரியும்."

"களைப்பா இருக்காதா?"

"இருக்கும். அது யாருக்குத் தெரியணும்? கேக்க ஆள் இல்லைன்னா களைப்பும் கொஞ்ச நேரம் கத்திட்டு அடங்கிடும். ஒரு தடவை பாருங்க, மழை, வைப்பர் வேலை செய்யலை..."

அந்த மழைக் கதையைச் சொல்லிக்கொண்டே போனார். இறக்கம் ஆரம்பித்துவிட்டது. நான் என் நடையில்தான் வந்துகொண்டிருந்தேன். ஆனால் அவர் குரல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரியாது. சின்ன அடி, தரையைத் தொட்டும் தொடாமலும். டீச்சரம்மாவின் ஓட்டம் அப்படியே அவர் காலில் இருந்தது. டீச்சரம்மா அவருக்குப் பின்னால் ஓடி, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே போனார். கீழே மைதானத்து மைக் சத்தம் கேட்டது.

"இன்னும் சில நிமிடங்களில் பந்தயம் நிறைவடைகிறது..."

டிரைவர் ஐயா சட்டென்று நின்றார். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். சட்டை மட்டும்தான் இருந்தது.

"டீச்சர்! நம்பர்!"

"என்ன நம்பர்?"

"என் நம்பர்! குடுங்க!"

"நிறுத்தியாச்சுன்னு சொன்னீங்களே அண்ணே?"

"அது நாற்காலியில உக்காந்திருந்த ஆளு சொன்னது. குடுங்க டீச்சர், உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்!"

"வயசுல மூத்தவர் என் காலைத் தொடறதா? நல்லா இருக்கு." டீச்சரம்மா பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

ஊக்கு இல்லை. எல்லாம் எங்கள் வாசல் மண்ணில் கிடந்தது. அவர் நம்பரை நெஞ்சில் வைத்து இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே ஓடினார். ஒற்றைக் கை வீசி, ஒரு பக்கம் சாய்ந்து, நரைமுடி பறக்க. இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. ஏதோ உயிரோடு இருக்கிற ஒன்றைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

டீச்சரம்மாவும் பின்னாலேயே ஓடுவார் என்று நினைத்தேன். அந்த இடத்தில் பாதை கூழாங்கல்லாகச் சறுக்கும். குண்டானைப் பிடிக்கவா பிள்ளையைப் பிடிக்கவா என்று நான் தடுமாறிப்போனேன். டீச்சரம்மா திரும்பி மேலே ஏறி வந்தார்.

"அவனை இங்க குடு, கண்ணு."

"நீங்க ஓடுங்க டீச்சரம்மா. நேரமாச்சுங்க."

"குடுன்னா குடு."

பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து இறங்கினார். எனக்கும் கையை நீட்டினார். பாதி வழியில் விசில் சத்தம் கேட்டது. நீளமாக. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஒரு குருவியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் மைதானத்துக்குள் போனபோது டிரைவர் ஐயா கோட்டைத் தாண்டி நின்றுகொண்டிருந்தார். கை இன்னும் நெஞ்சில்தான் இருந்தது. பக்கத்தில் வாணி. சுடிதார் போட்டு, அழுது மூக்கு சிவந்த பெண். எதிரில் மைக் பிடித்த பொறுப்பாளர்.

"நேரத்துக்குள்ளதான் வந்தாருங்க," என்று பொறுப்பாளர் டீச்சரம்மாவிடம் சொன்னார். "ஆனா நம்பர் கையில இருக்கு. மேல கழட்டிட்டாருன்னு அவரே சொல்றாரு. கழட்டிக் குடுத்துட்டா முடிஞ்சுது. அதான் யோசிக்கிறேன்."

"பொய் சொல்லத் தெரியலை," என்றாள் வாணி கோபமாக. "கேட்டாங்களாம், இவர் எல்லாத்தையும் ஒப்பிக்கிறாரு."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். "நீதானேம்மா அங்க இருந்தே? இவர் நம்பரைக் குடுத்தாரா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.  குண்டானைத் தலையிலிருந்து இறக்கக்கூடத் தோன்றவில்லை.

"நீட்டினாருங்க," என்றேன். "என் கை ஈரமா இருந்துச்சு. நான் வாங்கலீங்க."

பொறுப்பாளர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். டீச்சரம்மாவைப் பார்த்தார். பிறகு பதக்கத்தை எடுத்து டிரைவர் ஐயா கழுத்தில் போட்டார். யாரோ கை தட்டினார்கள். பையன்கள் விசிலடித்தார்கள்.

டிரைவர் ஐயா பதக்கத்தைப் பார்க்கவில்லை. டீச்சரம்மாவின் நெஞ்சில் இருந்த நம்பரைப் பார்த்தார்.

"உங்களுக்கு, டீச்சர்?"

"நான் விசிலுக்கு அப்புறம்ண்ணே." தன் நம்பரைக் கழற்றி, நாலாக மடித்து என் கையில் வைத்தார். என் கை அப்போது காய்ந்திருந்தது. "இந்தா கண்ணு. ஒழுங்கா பையில போடு."

இத்தனை வருஷத்தில் டீச்சரம்மா முடிக்காத பந்தயம் இது ஒன்றுதான் என்று பொறுப்பாளர் பிறகு சொன்னார். டீச்சரம்மா அதற்குள் மோர் எங்கே என்று தேடிப் போய்விட்டிருந்தார்.

வாணி அப்பாவை மண்ணில் உட்கார வைத்து, அவர் காலை மடியில் எடுத்துக்கொண்டாள். ஷூவைக் கழற்றினால் இரண்டு விரலில் நகமே இல்லை. அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். துண்டை நனைத்துத் துடைத்தாள். மெதுவாகத் திரும்பவும் ஷூவைப் போட்டுவிட்டாள், வண்டி வரைக்கும் நடக்க வேண்டுமே என்று.

"போதும்ப்பா," என்றாள். இப்போது கோபமே இல்லை. "ஜெயிச்சுட்டீங்க. சந்தோஷமா இருக்கு. இதோட நிறுத்திக்கங்க. அடுத்த வருஷமும் கேட்டா நான் கையெழுத்துப் போடத்தான் செய்வேன். என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. அதனாலதான் நீங்களே நிறுத்திக்கங்கன்னு கேக்கறேன்."

டிரைவர் ஐயா மகள் தலையைத் தடவினார். டீச்சரம்மா இரண்டு டம்ளர் மோரோடு வந்தார். ஒன்றை அவரிடம் கொடுத்தார்.

அவர் குடிக்கவில்லை.

"டீச்சர், மேல நான் சொன்னது தப்புன்னு ஆயிடுச்சு. அது அந்த நேரம் இல்ல. இப்ப முடிச்சுட்டேன். வாணியும் சொல்லுது. நியாயமாத்தான் சொல்லுது. இதுவா டீச்சர் நிறுத்தற நேரம்?"

டீச்சரம்மா தன் மோரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த நேரம் வந்தா, அண்ணே, நீங்க என்கிட்ட கேக்க மாட்டீங்க."

  மைதானத்தில் கயிறு கட்டியிருந்த கம்பை எல்லாம் பிடுங்கத் தொடங்கியிருந்தார்கள். டிரைவர் ஐயா மோரை மகள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். ஷூ கயிறு ஒன்று அவிழ்ந்து தொங்கியது. நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன், ஆனால் அவர் அந்த இரண்டு முனையையும் எடுத்து, இழுத்து இறுக்கி

இதோ வரேன் அத்தை, கை எல்லாம் புளி, அவனைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கங்க, நான் கழுவிட்டு